மின்வில்லை அணைக்கும் வாயுவும் அதற்கு வந்திருக்கும் மாற்றும்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை அணைக்கும்போது சுவிட்சுக்குள் சின்னதாக ஒரு பொறி தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடுமுனைகள் பிரிந்த பிறகும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டப் பார்ப்பதால் வருவது அது. வீட்டில் 230 வோல்ட்தான். துணைமின் நிலையத்தில் 1,10,000 வோல்ட், 2,30,000 வோல்ட் என்று போகும். அங்கே மின்சுற்றைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கர் திறந்தால், அந்தப் பொறியின் இடத்தில் பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் ஒரு மின்வில்லே (ஆர்க்) எரியும்.

அதை அணைக்கப் பல நாடுகளில் பயன்படுவது சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு. துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘எஸ்எஃப்-6’ என்பார்கள். நிறமோ மணமோ கிடையாது, தீப்பிடிக்காது, காற்றைவிட ஐந்து மடங்கு கனம்.

அதன் திறமை எலெக்ட்ரான்களைப் பிடிப்பதில் இருக்கிறது. எந்த வாயுவிலும் சில எலெக்ட்ரான்கள் தனியாக அலையும். மின்னழுத்தம் கூடினால் அவை வேகமெடுத்து மூலக்கூறுகளில் மோதி, மேலும் எலெக்ட்ரான்களைத் தட்டிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசியில் வாயுவே கம்பிபோல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் காற்று சுமார் 30,000 வோல்ட் வரைதான் தாங்கும். எஸ்எஃப்-6 அலையும் எலெக்ட்ரானைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. கனத்த மூலக்கூறோடு ஒட்டிய எலெக்ட்ரானால் வேகம் பிடிக்க முடியாது. அதனால் இது காற்றைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் தாங்கும். வில்லின் சூட்டில் உடைந்தாலும், ஆறியதும் பெரும்பாலும் பழையபடி சேர்ந்துகொள்ளும்.

இந்த உறுதிதான் வெளியே கசிந்தால் வினையாகிறது. வளிமண்டலத்தில் அது சிதைய ஆயிரம் ஆண்டு அளவுக்கு ஆகும். ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில், சுமார் 24 டன் கார்பன் டை ஆக்சைடு செய்யும் புவிவெப்பக் கேட்டை அது செய்துவிடும். புவி வெப்பமாவதைத் தடுக்க வந்த 1997 கியோட்டோ ஒப்பந்தத்திலேயே இதன் பெயர் இருக்கிறது.

சரி, மாற்று என்ன? ஒன்று, ஃபுளூரோநைட்ரைல். தனியாக அடைத்தால் மைனஸ் 5 டிகிரிக்குப் பக்கத்திலேயே திரவமாகிவிடும் என்பதால், கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் நிறைய இருக்க, இதைச் சில சதவீதம் மட்டும் கலக்கிறார்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் செலிஞ்ச் துணைமின் நிலையம் 2017-இல் இத்தகைய கலவையைப் பயன்படுத்தத் தொடங்கியது. புவிவெப்பக் கேடு ஏறக்குறைய முழுவதும் குறைகிறது. ஆனால் இதுவும் ஃபுளூரின் சேர்மம்தான். இதை உருவாக்கிய 3எம் நிறுவனமே இவ்வகைச் சேர்மங்களின் தயாரிப்பை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022-இல் அறிவித்தது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது இரண்டாவது வழி. எஸ்எஃப்-6 தனியாகச் செய்துவந்த இரண்டு வேலைகளையும் இதில் பிரித்துவிடுகிறார்கள். மின்காப்புக்கு, அதாவது மின்சாரம் வேண்டாத இடத்துக்குப் பாயாமல் தடுக்க, ஈரம் நீக்கிய காற்று; வில்லை அணைக்க வெற்றிடக் குடுவை. குடுவைக்குள் எரிய வாயுவே இல்லை. தொடுமுனையிலிருந்து ஆவியாகும் உலோகத்தை நம்பித்தான் வில் உயிரோடிருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுகிறது. அப்படித் தொடும்போது ஆவி மைக்ரோநொடிகளில் உலோகப் பரப்பில் படிந்துவிடும், வில் செத்துப்போகும். 11 கிலோவோல்ட் பிரேக்கர்களில் இது பல பத்தாண்டுகளாக இருக்கும் முறைதான்.

உயர் மின்னழுத்தத்துக்குக் கொண்டுபோவதில்தான் சிரமம். வெற்றிட இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தாங்குதிறன் இரட்டிப்பாவதில்லை. அதனால் குடுவைகளைத் தொடராக இணைக்க வேண்டிவருகிறது. காற்றையும் கூடுதலாக அழுத்தி அடைக்க வேண்டும், அல்லது கலனைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் கசிந்தால் வெளியேறுவது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய விதிப்படி, 24 கிலோவோல்ட் வரையிலான புதிய கருவிகளில் 2026 முதலே எஸ்எஃப்-6 போன்ற ஃபுளூரின் வாயுக்களுக்குத் தடை. உயர் மின்னழுத்தக் கருவிகளுக்கு 2028 முதல் 2032 வரை படிப்படியாக. அப்புறம், ஏற்கெனவே நிறுவிய பிரேக்கர்களுக்குள் இருக்கும் எஸ்எஃப்-6? அவற்றைக் கழற்றும் நாளில் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், பம்ப் வைத்து உறிஞ்சி உருளையில் அடைக்க வேண்டும்.