கடைக்காரர் போனில் முதலிடம், வாடிக்கையாளர் போனில் காணோம்

"உங்க வெப்சைட்டைக் கூகுள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடுறோம் சார்" என்ற போன் அழைப்பு மதுரையில் கடை வைத்திருக்கும் யாருக்கும் புதிதல்ல. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் விளம்பரம் வரும், அவ்வளவுதான். சாதாரணத் தேடல் முடிவுகளில் அதனால் ஒரு இடம்கூட ஏறாது. முறையாக வேலை செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பதும் கூகுள் சொல்லும் கணக்கே. ஆகவே மாதச் சந்தாவுக்குத் தலையாட்டும் முன், தளத்துக்கு என்ன கோளாறு என்று தெரிந்துகொள்வது நல்லது.

கோளாறைக் கண்டுபிடிக்கப் பலரும் செய்வது, தன் கடையைத் தன் போனிலேயே தேடிப் பார்ப்பது. அதை நம்பக் கூடாது. தெற்கு மாசி வீதியில் கல்லாவில் உட்கார்ந்தபடி 'சுங்குடி சேலை கடை' என்று தேடினால், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே அந்தக் கடை மேலே வரலாம். அதே சொல்லை அண்ணா நகரிலோ திருமங்கலத்திலோ தேடுபவருக்கு வேறு பட்டியல் வரும். தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் மேப் முடிவுகள் அடுக்கப்படுகின்றன.

உண்மை நிலவரம், தளம் தேடலில் எப்படி வருகிறது என்று அதன் ஓனருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் இருக்கிறது. இலவசம். டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கிய இடத்தில், அந்தப் பெயரின் இணைப்பு விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ் பகுதிக்குப் போய், கூகுள் தரும் ஒரு வரியை டெக்ஸ்ட் ரெக்கார்டாகச் சேர்த்தால் தளம் இணைந்துவிடும். இணைத்த பிறகு வரும் தகவல் 16 மாதம் வரை சேர்ந்திருக்கும் என்பதால் இன்றே இணைப்பது லாபம். அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பக்கம் இண்டெக்ஸிலேயே (கூகுளின் பதிவேட்டிலேயே) இல்லையா, இண்டெக்ஸில் இருந்தும் வேண்டிய சொல்லுக்கு வரவில்லையா, வந்தும் யாரும் கிளிக் செய்யவில்லையா? இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று பார்க்காமல் 'எஸ்இஓ பண்ணுங்க' என்று தேடலில் மேலே ஏற்றும் வேலையை ஒப்படைத்தால் பணம்தான் போகும்.

இண்டெக்ஸிலேயே இல்லை என்றால் பெரும்பாலும் சின்னக் காரணம்தான். தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் என்று போனால், தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது டெவலப்பர் அதை டிக் செய்துவைப்பார். திறப்பு விழா அவசரத்தில் எடுக்க மறந்துவிடுவார். எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் முழுத் தளத்தையும் தடுத்திருப்பதும் இதே வகைதான். சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் பெட்டியில் முகவரியைப் போட்டால் எது தடுக்கிறது என்று அதுவே சொல்லும். தடையை நீக்கிவிட்டு 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' அழுத்துங்கள்.

தமிழ் இருக்கிறது, கூகுளுக்குத் தெரியவில்லை

நம் பக்கத்துத் தளங்களில் அதிகம் மாட்டுவது இதுதான், வெளியூர் எஸ்இஓ ஆட்கள் கவனிக்காததும் இதுதான். பிளெக்ஸ் போர்டுக்கும் நோட்டீசுக்கும் டிசைன் செய்தவரிடமே வெப்சைட்டுக்கும் மேட்டர் வாங்குவார்கள். அவர் பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார். கண்ணுக்கு அது தமிழ். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. சிலர் அதையும் செய்யாமல் முழு விலைப்பட்டியலையும் ஒரே படமாக ஏற்றியிருப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் எழுத்தாக எண்ணி உட்கார்ந்திருப்பது வீண்.

சோதிப்பது சுலபம். தளத்தில் ஒரு தமிழ் வரியை அழுத்திப் பிடித்துக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், அதாவது எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கும் எழுத்துமுறை. குப்பையாக வந்தால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு. வரியைத் தொடவே முடியவில்லை என்றால் படம். பழைய எழுத்துருவை யூனிகோடாக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியதை அப்படியே ஏற்றாதீர்கள். 'ஆர்டர்', 'டீலர்' போன்ற சொற்களின் கடைசி எழுத்து ரகரப் புள்ளிக்குப் பதிலாகத் துணைக்காலும் புள்ளியுமாக மாறியிருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். பிரவுசரில் 'கண்டுபிடி' பெட்டியைத் திறந்து 'டீலர்' என்று சரியாகத் தட்டிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல்லைக் கிடைக்கவில்லை என்று சொன்னால், அங்கே துணைக்கால் இருக்கிறது.

முகவரியிலும் ஒரு சிக்கல். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே பக்க முகவரியை உருவாக்கும். அதற்கு 200 குறிகள்தான் எல்லை. தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக ஒவ்வொன்றும் முகவரியில் சதவீதக் குறியோடு கூடிய 9 குறிகளாக விரியும். 'சுங்குடி' ஒன்றே 72 குறிகளைத் தின்றுவிடும். 'மதுரை சுங்குடி சேலை மொத்த விற்பனை' என்று தலைப்பு வைத்தால் முகவரியில் 'விற்பனை' வரவே வராது. தமிழ் முகவரியைக் கூகுள் ஒதுக்குவதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது முழ நீளத்துக்குச் சதவீதக் குறியாகப் போய் நிற்கும். முகவரியை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லோடு வைத்து, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் வைப்பதே மேல்.

வேண்டிய சொல்லுக்கு வரவில்லை என்றால்

எல்லாச் சரக்கையும் ஒரே 'எங்கள் தயாரிப்புகள்' பக்கத்தில் கொட்டியிருப்பதே பெரும்பாலும் காரணம். சில்லறையில் ஒரு சேலை தேடுபவரும், கடைக்குக் கட்டாக எடுக்க வருபவரும் தேடும் சொற்கள் ஒன்றல்ல. பக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. மொத்த விற்பனைப் பக்கத்தில், போனில் வியாபாரிகள் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் எழுதுங்கள்: குறைந்தது எத்தனை உருப்படி எடுக்க வேண்டும், கையால் முடிச்சுப் போட்டதா அல்லது சுங்குடி மாதிரி பிரிண்ட் அடித்ததா, சேலை எத்தனை மீட்டர், பிளவுஸ் துணி சேர்த்தா, முதல் துவைப்பில் சாயம் போகுமா, வெளியூருக்குப் பார்சல் எந்த வழியில் எத்தனை நாளில் போகும். விலை வரம்பையும் போடுங்கள். 'நம்பர் ஒன் தரம், நியாய விலை' என்று எழுதிய வரியை யாரும் தேடுவதில்லை.

தேடல் முடிவில் தலைப்பாகத் தெரியும் டைட்டிலில் முதலில் சரக்கு, பிறகு ஊர், கடைசியில் கடைப் பெயர். 'ஹோம்' என்று மட்டும் டைட்டில் வைத்த தளங்கள் இன்னமும் இருக்கின்றன. தேடுசொற்களை எழுதும் மெட்டா கீவேர்ட் பெட்டியில் நூறு சொல்லை அடைக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது; அதற்குத் தனிக் கட்டணம் கேட்பவரிடம் வேறு வேலையையும் ஒப்படைக்க வேண்டாம்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நாற்பதாக அச்சடிப்பதும் ஆபத்து. கூகுளின் ஸ்பாம் விதிகளில் அதற்கு 'டோர்வே' என்று பெயரே இருக்கிறது. அந்த ஊருக்கென்று டெலிவரி நாளோ கிளையோ இருந்தால் மட்டும் தனிப் பக்கம்.

சர்ச் கன்சோலில் சராசரி இடம் 8க்கும் 20க்கும் நடுவில் நிற்கும் சொற்களைத் தேடி எடுங்கள். அந்தப் பக்கங்களைத் திருத்துவதில்தான் சீக்கிரம் பலன் கிடைக்கும். ஐந்தாவது இடத்தில் நின்றும் கிளிக் இல்லை என்றால் டைட்டிலைப் பாருங்கள். தேடுபவர் கேட்டது அதில் இருக்கிறதா?

கூகுள் மேப்பில் கடையின் விவரம் காட்டும் பிசினஸ் புரொஃபைலைப் பற்றிச் சில வார்த்தை. போர்டில் உள்ள பெயரையே போடுங்கள். பெயரோடு 'மதுரை பெஸ்ட் சுங்குடி ஹோல்சேல்' என்று ஒட்டினால் புரொஃபைல் முடக்கப்படலாம். முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிகிறது. பெயர், முகவரி, போன் எண் மூன்றும் தளத்திலும் புரொஃபைலிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சந்துக்குள் கடை என்றால் மேப்பின் இடக்குறி கடை வாசலில் விழுகிறதா என்று ஒரு முறை நடந்து பாருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் கடை நேரம் மாறினால் 'சிறப்பு நேரம்' என்ற பகுதியில் பதியுங்கள். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று எழுதி ஒட்டுவது விதிமீறல். எல்லா வாடிக்கையாளரிடமும் பொதுவாகக் கேட்பதில் தவறில்லை.

தளம் மெதுவாகத் திறந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம், பெரும்பாலும் படங்கள்தான். போனில் எடுத்த 4 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றாமல் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) வடிவில் மாற்றினால், பொதுவாக 150 கேபிக்குள் அடங்கும். பக்கத்தின் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு. முதல் திரையில் வரும் படத்துக்கு லேசி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் முறை) போடாதீர்கள். அதுவே தாமதத்தைக் கூட்டும்.

வந்துகொண்டிருந்த தளம் திடீரென்று காணாமல் போனால், அண்மையில் டிசைன் மாற்றினீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். புது டெவலப்பர் பழைய முகவரிகளைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்திருப்பார். இத்தனை காலம் சேர்த்த பெயர் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கத்தில் முட்டி நிற்கும். வேலை தொடங்கும் முன்பே சர்ச் கன்சோலிலிருந்து பழைய முகவரிகளை எக்செலில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே புது முகவரி எழுதி, பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 ரீடைரக்ட் போடச் சொல்லுங்கள். குறைந்தது ஓராண்டு அதை எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது ரீடைரக்ட் ஆகாது.

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். டெவலப்பரின் இமெயிலில் இருந்தால், அவரோடு கணக்கு முறிந்த அன்று தளமும் முறியும். டொமைன், சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் மூன்றிலும் ஓனர் உங்கள் இமெயிலாக இருக்க வேண்டும். ஏஜென்சிக்குச் சர்ச் கன்சோலில் 'ஃபுல் யூசர்', புரொஃபைலில் 'மேனேஜர்' என்ற அனுமதியே போதும். வேலையைச் செய்ய அதற்கு மேல் தேவைப்படாது.