மூச்சிரைக்காமல் ஓடும் புல்டாக்கை உருவாக்குவது எப்படி

1890களில் இங்கிலாந்தில் பெயர்பெற்ற இரண்டு புல்டாக்குகளுக்கு இடையே ஒரு நடைப்போட்டி நடந்தது. தூரம் 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டர். கிங் ஓரி என்ற நாய், கனமில்லாத எலும்பும் சுறுசுறுப்பான உடற்கட்டும் கொண்டு பழைய காலத்துப் புல்டாக்கை நினைவூட்டியது. டாக்லீஃப் என்ற மற்றொன்று குள்ளமாகவும் பருமனாகவும், இன்றைய புல்டாக்கின் சாயலில் இருந்தது. கிங் ஓரி முழுத் தூரத்தையும் நடந்து முடித்தது. டாக்லீஃப் வழியிலேயே சுருண்டு விழுந்தது. வென்ற நாயின் உடலமைப்பையே வளர்ப்பாளர்கள் பின்பற்றியிருப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் கண்காட்சி மேடைகளை ஆண்டது, விழுந்த நாயின் உருவம்தான்.

புல்டாக் முதலில் வேலைக்காக வளர்க்கப்பட்ட நாய். கட்டிவைத்த காளையின் மீது நாய்களை ஏவிவிடும் கொடிய விளையாட்டுக்காகவே அது பயன்பட்டது. 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த விளையாட்டைத் தடைசெய்தது. வேலை போனதும் நாயைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் மாறியது. எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு எளிதாக மூச்சு விடுகிறது என்று பார்த்தவர்கள், தலை எவ்வளவு பெரிது, மூஞ்சி எவ்வளவு தட்டை, தோல் எத்தனை மடிப்பு என்று பார்க்கத் தொடங்கினார்கள். தலைமுறைதோறும் இந்த அளவுகோலால் சலித்தெடுத்ததன் விளைவைத்தான் இன்றைய புல்டாக் தன் உடலில் சுமக்கிறது.

அந்தச் சுமையில் மிகக் கொடியது மூச்சுத்திணறல். மண்டையோட்டின் எலும்பு குறுகியபோது, அதற்குள் இருக்கும் மென்சதைகள் அதே அளவுக்குக் குறுகவில்லை. மூக்குத் துளைகள் வெறும் கீறல்களைப் போல ஒடுங்குகின்றன. வாயின் பின்பகுதியில் உள்ள மென்னண்ணம் தேவைக்கு மேல் நீண்டு குரல்வளையின் வாயிலில் தொங்குகிறது. பல நாய்களில் மூச்சுக்குழாயே உடலின் அளவுக்குப் பொருந்தாமல் மெல்லியதாக அமைகிறது. சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், ஓட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும் என்பது இயற்பியல். நாயின் மூக்கு அப்படி நேரான குழாய் இல்லை என்றாலும், சில மில்லிமீட்டர் ஒடுக்கம்கூட ஏன் இவ்வளவு பெரிய துன்பமாகிறது என்பதை இந்தக் கணக்கு உணர்த்தும். தடையை மீறிக் காற்றை உள்ளிழுக்க நாய் பலமாக உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலில் தொண்டைச் சதைகள் வீங்கி உள்நோக்கி இழுபடுகின்றன. வழி இன்னும் ஒடுங்குகிறது.

நாய் நம்மைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்வதில்லை. மூக்கின் உட்பரப்பிலும் நாக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூச்சு வழி அடைபட்டால் குளிரூட்டலும் நின்றுபோகும். ஆகவே வெயிலில் புல்டாக் மூச்சிரைப்பதைப் பார்த்து, குறட்டை விடுகிறது, அதன் இயல்பே அப்படித்தான் என்று சிரிப்பது சரியல்ல. அது காற்றுக்காகப் போராடும் ஒலி.

மற்றக் கேடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய தலையும் அகன்ற தோளும் உள்ள குட்டி, தாயின் குறுகிய இடுப்பெலும்பு வழியே வர முடியாது. பிரிட்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புல்டாக் ஈற்றுகளில் 86 விழுக்காடு சிசேரியன் மூலமே நிகழ்ந்ததாகத் தெரிந்தது. 2022இல் வெளியான லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, பிற நாய்களோடு ஒப்பிட்டால் ஓர் ஆண்டில் ஏதேனும் ஒரு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு புல்டாக்குக்கு இரண்டு மடங்கு என்றது. தோல் மடிப்புப் புண்ணுக்கான வாய்ப்பு மட்டும் 38 மடங்கு.

நல்ல புல்டாக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து இணைசேர்த்தால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். தேர்ந்தெடுப்பதற்கு வேறுபாடு வேண்டும். இங்கே வேறுபாடே அருகிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 2016இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்த இனத்துக்குள் எஞ்சியிருக்கும் மரபணு வகைமை மிகக் குறைவு என்றும், இனத்துக்குள்ளேயே இருந்துகொண்டு பெரிய திருத்தம் செய்வது கடினம் என்றும் காட்டியது. வெளி இரத்தம் தேவை என்ற முடிவுக்கு, இந்த ஆய்வுக்கு நெடுங்காலம் முன்பே ஒருவர் வந்திருந்தார்.

அவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டேவிட் லெவிட். 1971இல் அவர் தொடங்கிய திட்டத்தின் கலவை இது: பாதி ஆங்கிலப் புல்டாக் (இதுவரை நாம் பேசிய இனம்), ஆறில் ஒரு பங்கு புல்மாஸ்டிஃப், ஆறில் ஒரு பங்கு அமெரிக்கப் பிட்புல் டெரியர், ஆறில் ஒரு பங்கு அமெரிக்கப் புல்டாக். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடைகளுக்காக வகுக்கப்பட்ட ஓர் இணைசேர்ப்பு முறையை அவர் நாய்களுக்குப் பயன்படுத்தினார். இத்தகைய முறைகளின் அடிப்படை எளியது. மந்தையை உறவில்லாத சில குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தலைமுறையிலும் முதல் குடும்பத்தின் ஆணை இரண்டாவதன் பெட்டைகளோடும், இரண்டாவதன் ஆணை மூன்றாவதோடும் சேர்த்துச் சுற்றி வந்தால், உருவம் ஒரே சீராக நிலைபெறும். நெருங்கிய உறவுக்குள் சேர்க்கையும் மெதுவாகவே கூடும். இப்படி உருவான நாய்க்குப் பழைய ஆங்கிலப் புல்டாக் என்ற பொருளில் பெயர் வைத்தார்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. முதல் கலப்பில் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் பெற்றோரைவிடத் திடமாக இருக்கும். வேளாண்மையில் இதைக் கலப்பு வீரியம் என்போம். ஆனால் கெட்ட மரபணு வடிவங்கள் மறைந்துபோவதில்லை, ஒளிந்துகொள்கின்றன. புல்டாக்கின் சுருட்டை வாலை எடுத்துக்கொள்ளுங்கள். டிவிஎல்2 என்ற மரபணுவில் உள்ள ஒரு சிறு பிழையோடு இதற்குத் தொடர்புண்டு என்று 2018இல் கண்டறியப்பட்டது. ஒவ்வொரு மரபணுவிலும் நாய்க்கு இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால் வால் எலும்புகள் கோணலாகின்றன. ஒரு பிரதி மட்டும் என்றால் வால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆங்கிலப் புல்டாக்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டு பிரதிகளையும் சுமப்பவை. அந்தப் பிழையே இல்லாத நாயோடு அவற்றைக் கலந்தால் ஒவ்வொரு குட்டியும் ஒரு பிரதியோடு பிறக்கும். வால் நேராக வந்ததே என்று மகிழ்ந்து அக்குட்டிகளை அவற்றுக்குள்ளேயே இணைசேர்த்தால், அடுத்த ஈற்றில் சராசரியாக நான்கில் ஒன்று மீண்டும் இரண்டு பிரதிகளோடு வந்து நிற்கும். மூச்சு வழியின் வடிவமோ ஒரு மரபணுவால் அல்ல, பல மரபணுக்களால் அமைவது. எனவே கலப்பு வேலையைத் தொடங்கித்தான் வைக்கிறது. தலைமுறைதோறும் சோதித்துச் சலித்தெடுப்பதே வேலை.

எதைச் சோதிப்பது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும், பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப்பும் 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மூச்சுச் சோதனை என்னை மிகவும் கவர்ந்தது, ஏனென்றால் அது அழகைப் பார்ப்பதில்லை. கால்நடை மருத்துவர் முதலில் நாயின் குரல்வளை மீது ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார். பிறகு நாயை மூன்று நிமிடம் துள்ளுநடையில் ஓடவிட்டு மறுபடியும் அதே இடத்தில் கேட்கிறார். ஓய்வில் அமைதியாகத் தோன்றிய தொண்டையில், ஓட்டத்துக்குப் பின் கரகரப்போ சீழ்க்கை ஒலியோ எழுந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். பூஜ்ஜியம் முதல் மூன்று வரை தரம் தரப்படுகிறது. மூன்றாம் தரத்து நாயை இனப்பெருக்கத்துக்கே பயன்படுத்தக் கூடாது என்பது அறிவுரை. நோய் வயதோடு முற்றும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். இதோடு இடுப்பு மூட்டுக்கும் முதுகெலும்புக்கும் எக்ஸ்ரே, இதயப் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்தால், எந்த நாய் அடுத்த தலைமுறைக்குத் தகுதியானது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

சோதனையில் தேறிய ஓர் அருமையான ஆண் நாய் கிடைத்ததும் எல்லாரும் அதையே நாடுவது அடுத்த ஆபத்து. மரபியலில் ஒரு கணக்கு உண்டு: ஆண்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கையோடும் நான்கோடும் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால், மந்தையின் மெய்யான மரபணு அளவு கிடைக்கும். ஓர் ஆணும் 20 பெட்டைகளும் இருந்தால் விடை நான்கைத் தொடுவதில்லை. 21 நாய்கள் கண்ணெதிரே நின்றாலும் மரபணுக் கணக்கில் ஏறத்தாழ நான்கே நாய்கள். அதே 20 பெட்டைகளுக்குப் பத்து ஆண்களைப் பயன்படுத்தினால் விடை 26ஐத் தாண்டுகிறது. நல்ல ஆண்களில் பத்தாவது, முதலாவதைவிடச் சற்றுத் தாழ்ந்ததாகவே இருக்கட்டும்; அதையும் பயன்படுத்தும் வளர்ப்பாளரே தொலைநோக்கு உள்ளவர் என்பது என் கருத்து.

பழைய பாணிப் புல்டாக் என்ற பெயரை மட்டும் நம்பி யாரும் குட்டி வாங்கக் கூடாது. அந்தப் பெயரில் சோதனைச் சான்று ஏதுமில்லாமல், அரிய நிறத்தைக் காட்டி விற்பவர்களும் உள்ளனர். இத்தகைய முயற்சி அமெரிக்காவோடு நிற்கவில்லை. சுவிட்சர்லாந்திலும், லெவிட்டின் நாய்களை ஆங்கிலப் புல்டாக்கோடு கலந்து கான்டினென்டல் புல்டாக் என்ற இனத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நெதர்லாந்து சட்டத்தின் வழியே சென்றது: மூஞ்சியின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைந்த நாயை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று 2019இல் விதித்தது.

குட்டியை வாங்க வருபவர் வளர்ப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது தாயைப் பற்றி. அது மூன்று நிமிடம் ஓடிய பின் எப்படி மூச்சு விட்டது, கத்தி படாமல் தானாகவே ஈன்றதா, அதன் தாயும் அப்படி ஈன்றதா என்று கேட்டு, தரச் சான்றைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பிறகு அந்தத் தாய் நாயைத் தோட்டத்தில் அவிழ்த்துவிடச் சொல்லி, அது ஒரு சுற்று ஓடி வந்து வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடும்வரை அருகில் நின்று கேட்க வேண்டும்.