பெண்கடலின் கணக்கு ஆண்கடலுக்குச் சரிப்படுமா?

தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இரண்டு கடல்கள் தெரியும். வடக்கே பாக் விரிகுடா. ஊரார் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் ஆண்கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும்; பெண்கடல் குளம்போல் கிடக்கும். வாடை திரும்பினால் வடகடலும் சீறும்.

வடகடலின் ஓதத்தையும் (கடல்மட்டம் ஏறி இறங்குவதையும்) நீரோட்டத்தையும் கணிக்கும் கணினி மாதிரி (மாடல்) ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தென்கடலுக்கும் ஒன்று வேண்டும். புதிதாக எழுதுவானேன்? ஆழ வரைபடத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாமே. பார்த்தால், சிறிது நேரத்தில் திரையில் நீர்மட்டம் பனைமர உயரம், பிறகு மலை உயரம், பிறகு எண்ணே இல்லை.

மாதிரி கடலைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்கிடுகிறது. ஓதம் போன்ற நீண்ட அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். 1,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 99. கட்டம் 1 கிலோமீட்டர் அகலம் என்றால், ஆழமில்லாத வடகடலில் அலை அதைக் கடக்க 100 நொடி ஆகும். 60 நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் தாராளம். ஆழமான தென்கடலில் அதே 60 நொடிக்குள் அலை ஆறு கட்டம் ஓடிவிடும். எளிய மாதிரியோ ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கட்டத்தை மட்டுமே எட்டிப் பார்க்கிறது. பிழை பிழையைப் பெருக்குகிறது. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் அலை ஒரு கட்டத்துக்கு மேல் ஓடக்கூடாது என்ற இந்த வரம்பைக் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் 1928இல், கணினி பிறக்கும் முன்பே, எழுதிவைத்துவிட்டார்கள்.

எண்கள் இப்படி வெடித்துப்போகிற மாடலை நல்ல மாடல் என்பேன். தவறு உடனே தெரிகிறது. சத்தமில்லாமல் பொய் சொல்லும் மாதிரிதான் பயம் தருவது. கடலடி உராய்வு என்று ஓர் எண் உண்டு. அளந்த நீர்மட்டத்தோடு ஒத்துப்போகும்வரை திருகித் திருகி அமைத்த எண் அது. சேற்றுக்கும் கடற்புல்லுக்கும் பொருந்திய அதைப் பவளப்பாறைமேல் வைத்தாலும் மாதிரி முணுமுணுக்காமல் ஓடும்; விடை மட்டும் தப்பாக வரும். சமன்பாடு எந்தக் கடலுக்கும் ஒன்றுதான். இத்தகைய எண்களை அந்தந்தக் கடலில்தான் மறுபடி அளந்து பொருத்த வேண்டும்.

வெடிப்பை நிறுத்த, கணக்கிடும் இடைவெளியை 60 நொடியிலிருந்து 5 நொடியாக்கலாம். கணினிக்குப் பன்னிரண்டு மடங்கு வேலை. கடலைச் சதுரங்களுக்குப் பதில் முக்கோணங்களாக வெட்டுவது இன்னும் சாமர்த்தியம்: அலை விரையும் ஆழத்தில் பெரியவை, பாம்பன் கால்வாயின் இடுக்கில் மட்டும் பொடிப்பொடியாக.