கென்யாவில் ஓடிய எம்-பெசா தென்னாப்பிரிக்காவில் ஏன் நின்றது?

2007 மார்ச்சில் கென்யாவின் கைபேசிச் சேவை நிறுவனமான சஃபாரிகாம் எம்-பெசாவைத் தொடங்கியது. கைபேசி வழியே பணம் அனுப்பும் இந்தச் சேவைக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையமும் வேண்டாம். சிம் கார்டிலேயே மெனு இருக்கும். தெருமுனைக் கடையில் இருக்கும் முகவரிடம் நோட்டைக் கொடுத்தால், தன் கணக்கிலுள்ள மின்பணத்தை (கைபேசிக் கணக்கில் எண்ணாக மட்டும் இருக்கும் பணம்) அவர் உங்கள் எண்ணுக்கு மாற்றிவிடுவார். அப்புறம் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்ப, அவர் எண், தொகை, பின் நம்பர் ஆகியவற்றைத் தட்டினால் போதும், அவ்வளவுதான். இருவருக்கும் எஸ்எம்எஸ் வரும். அம்மா தன் ஊர்க் கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். மக்கள் போட்ட பணம், நிறுவனத்தின் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனியாக இருக்கும்.

2005இல் இதைச் சோதித்துப் பார்த்தது சிறுகடன் தவணை கட்டுவதற்காக. மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்தினார்கள். நிறுவனம் அதைக் கவனித்து, 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்று விளம்பரத்தையே மாற்றியது. எம்-பெசா எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சிறந்தது என்பேன். நைரோபியில் உழைத்தவர்கள் அதுவரை பஸ் டிரைவரிடம் கவரில் பணம் கொடுத்து அனுப்பினார்கள். வழியில் தொலைந்தால் போனதுதான்.

ஆனால் தேவை இருந்தால் மட்டும் போதாது. நகரத்தில் பணம் போடுபவர்கள் அதிகம், அதனால் அங்கே முகவரிடம் மின்பணம் தீர்ந்துபோகும். கிராமத்தில் எடுப்பவர்கள் அதிகம், அங்கே ரொக்கம் தீர்ந்துபோகும். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அம்மா மூன்றாம் முறை வரமாட்டார். ஆகவே முகவர்களிடம் ரொக்கமும் மின்பணமும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சேவையின் உயிர்நாடி. பணம் போடக் கட்டணம் இல்லை என்பதால், முதல் அடி வைக்கவும் யாரும் தயங்கவில்லை. பெரும்பாலானோர் ஏற்கெனவே சஃபாரிகாம் எண் வைத்திருந்ததும் கைகொடுத்தது.

ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் முக்கியம் என்று ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989இல் எழுதினார்: இது எனக்குப் பயன்படுமா? இது எளிதா? தென்னாப்பிரிக்காவில் வோடகாம் என்ற கைபேசி நிறுவனம் 2010இல் எம்-பெசாவைக் கொண்டுவந்தபோது, எளிமையில் பெரிய குறை இல்லை. பயன்தான் இடித்தது. அங்கே பலரிடம் வங்கிக் கணக்கும் ஏடிஎம் கார்டும் இருந்தன. பணம் அனுப்ப சூப்பர்மார்க்கெட் கவுன்டர்களும் இருந்தன. மூன்று ஆண்டுகளில் 1 கோடி வாடிக்கையாளர்கள் என்பது இலக்கு. 2016இல் சேவையை மூடியபோது, உண்மையில் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 76,000 பேர்.