முழங்காலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று

60 வயதைத் தாண்டிய ஒருவர் பையிலிருந்து இரண்டு வலி மாத்திரை அட்டைகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஒன்று ஐபுப்ரோஃபென் 400 மி.கி., இன்னொன்று டைக்ளோஃபெனாக் 50 மி.கி. "இது முழங்காலுக்கு, அது இடுப்புக்கு" என்றார். இரண்டும் வேறு வேறு மருத்துவர்கள் எழுதியவை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

முழங்கால் எது, இடுப்பு எது என்று மாத்திரைக்குத் தெரியாது. உடம்பு முழுக்கப் புரோஸ்டாகிளான்டின் உற்பத்தியைக் குறைப்பதுதான் இரண்டின் வேலையும். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அந்தப் பொருள்தான். இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதும் அதுவேதான். ஒன்றைக் குறைத்தால் எல்லாம் குறையும்.

மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "நாலு நாளா கறுப்பா, தார் மாதிரி." அன்றைக்கே எண்டோஸ்கோபிக்கு அனுப்பினேன், இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. அவர் ஒருநாள்கூட வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதில்லை. சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையலாம், அவ்வளவுதான். மருந்து ரத்தம் வழியாகவும் இரைப்பையைப் பாதிக்கும் என்பதால், ஊசியாகப் போட்டாலும் இந்த ஆபத்து உண்டு.

சரி, அளவு. மருத்துவரைக் கேட்காமல் பெரியவர்கள் ஐபுப்ரோஃபென் போடுவதென்றால் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., 6 முதல் 8 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 1200 மி.கி.க்கு மேல் வேண்டாம். சாதாரண வலிக்கு ஒரே வேளையில் 400ஐத் தாண்டினால் நிவாரணம் பெரிதாகக் கூடுவதில்லை. பக்கவிளைவு மட்டும் கூடும். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். குழந்தைகளுக்கு வயதைவிட எடைதான் கணக்கு: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி.

சில வகை ரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்கள், கூடவே இதையும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள், 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிகள் கேட்காமல் தொடவே கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்கும் இது வேண்டாம்.

"அப்போ வலிக்கு?" என்றார் அவர், புண்ணைப் பற்றிச் சொன்னதும். இப்போதைக்குப் பாராசிட்டமால் மட்டும். புண் ஆறியதும் முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பார்க்கலாம். அதில் ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். அப்புறம், இரண்டு அட்டைகளையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.