அறுந்த நடைபாதையை நடப்பவர்தான் காட்ட முடியும்

அலுவலகக் கணக்கில் நடைபாதை கிலோமீட்டரில் இருக்கும். நடப்பவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. 2 கிலோமீட்டர் நல்ல பாதைக்கு நடுவே 40 மீட்டர் அறுந்திருந்தால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் பாதை முழுவதுமே இல்லாததுதான்.

அறுபடும் இடங்களை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: சிறுபாலம், ரயில் கடவை, காலிமனை, கால்வாய்க்கரைத் தடம் சாலையைத் தொடும் இடம். சாலை ஒரு துறையிடமும் கரை இன்னொரு துறையிடமும் இருக்கும். இருவரும் தத்தம் எல்லையில் வேலையை நிறுத்துவார்கள், இரண்டு வரைபடத்திலும் ‘பணி முடிந்தது’ என்றிருக்கும். நடுவில் விடுபட்ட துண்டு எந்தக் கோப்பிலும் வராது. அன்றாடம் அதைக் கடப்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் பாதையைத் திட்டமிடுபவர் அவரிடம் கேட்கும் விதம் முக்கியம். “எங்கே நடைபாதை வேண்டும்?” என்று கேட்டால், “எங்கள் தெருவில்” என்றோ “என் கடைக்கு முன்னால் வேண்டாம்” என்றோதான் பதில் வரும். நேற்று எங்கெல்லாம் நடந்து போனீர்கள், எந்த இடத்தில் சாலையில் இறங்கினீர்கள், எங்கே நடந்து போவதையே விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மதிப்பு அதிகம். நடக்க வழியில்லாத இடத்தில் ஆளெண்ணிக்கை எடுத்தால் குறைவாகத்தான் வரும். பிறகு அந்த எண்ணையே காட்டி, ‘இங்கு நடப்போர் இல்லை’ என்று பாதையை மறுப்பதும் உண்டு.

மாலை நேர அரங்கக் கூட்டத்துக்கு ஓய்வுபெற்றவர்களும் வணிகர்களும் வருவார்கள். வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், இரவுப்பணி முடித்துத் தூங்குகிறவர்கள் வரமாட்டார்கள். அவர்களைப் பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி விடும் நேரத்தில் வாசலிலும் போய்ப் பார்க்க வேண்டும். கைபேசிச் செயலியில் குவியும் புகார்களையும் இதே கண்ணோடு பாருங்கள்: புகார் செய்து பழகியவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதைத்தான் பாதி நேரம் அவை காட்டுகின்றன.

அடுத்தது கூட்டாக நடந்து பார்ப்பது. 1 முதல் 1.5 கிலோமீட்டர் தூரம், 8 பேர், ஒன்றரை மணி நேரம் போதும். கூட்டம் பெருத்தால் பின்னால் வருபவர்களுக்குப் பேச்சு கேட்காது. சக்கர நாற்காலி, வெள்ளைக்கோல், குழந்தை வண்டி இவற்றோடு வருபவர்களும் முதியவர் ஒருவரும் அவசியம். பகலில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை, முடிந்தால் மழை விட்டதும் ஒருமுறை போங்கள். ‘நடக்க முடியவில்லை’ என்று எழுதினால் பொறியாளரால் எதுவும் செய்ய முடியாது. ‘கம்பத்துக்கும் சுவருக்கும் இடையே 70 செ.மீ.’ என்று அளந்து, படத்தோடு கொடுத்தால் வேலை தொடங்கும்.

சில அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் வேண்டும். தடங்கல் உள்ள இடத்தில்கூட 90 செ.மீ.க்குக் குறையக்கூடாது. தலைக்கு மேல் குறைந்தது 2.1 மீட்டர், பக்கச்சரிவு, அதாவது அகலவாக்கில் சாய்வு, 50-க்கு 1-க்கு (50 செ.மீ.க்கு 1 செ.மீ. உயரம்) மேல் போகக்கூடாது. சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1.

இந்தக் கடைசி அளவில்தான் வேலை பெரும்பாலும் கெடுகிறது. நடைபாதை விளிம்பில் உள்ள ஓரக்கல் 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 60 செ.மீ.யில் முடித்தால் சரிவு 4-க்கு 1 ஆகிவிடும். ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழலாம். இடம் குறுகலானால் தெருமுனையில் நடைபாதையை முழு அகலத்துக்கும் மெல்லத் தாழ்த்தலாம், அல்லது சாலைக் கடவையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தலாம். சாய்தளத்தின் அடியில் தண்ணீர் தேங்கினால், மழைநீர் உள்வாங்கும் வாய் தவறான பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நீர் சாய்தளத்தை வந்தடையும் முன்பே அது வடிந்துவிட வேண்டும்.

வீட்டு வாசல்தோறும் நடைபாதையைத் தாழ்த்துவது இன்னொரு கெட்ட பழக்கம். கார் ஏறட்டும், நடப்பவர் இறங்க வேண்டாம்: வாகனச் சாய்வை ஓரக்கல் பட்டையோடு நிறுத்தி, மற்றதைச் சமமாகவே விடலாம். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தடவி உணரும் தொடுணர் கற்களில் நீளக் கோடு ‘போகலாம்’, புள்ளி ‘கவனம்’. ஜப்பானின் செய்இச்சி மியாகே வடிவமைத்து, 1967-ல் ஒகாயாமாவில் முதலில் பதித்தவை இவை. இந்தக் கோட்டைக் கொண்டுபோய் மரத்தடியில் முடிப்பதைவிடப் பதிக்காமலே இருக்கலாம்.

“பைக் ஏறாதபடி குட்டைத் தூண் நடுங்கள்” என்பது எல்லாப் பகுதியிலும் வரும் கோரிக்கை. சக்கர நாற்காலி நுழைய 90 செ.மீ. வேண்டும், அதில் பெரும்பாலான பைக்குகளும் நுழைந்துவிடும். தூண் காரைத்தான் தடுக்கும். பைக் ஏன் ஏறுகிறது, திரும்பும் வழி அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதாலா என்று பாருங்கள்; தீர்வு அங்கேதான்.

கரையோரத் தடத்தில் நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போக 3 மீட்டர் அகலம் வேண்டும். அதற்கு நுழைவாயில் எங்கே வைப்பது என்று நிபுணரைத் தேட வேண்டாம். வேலியில் ஆட்கள் பிய்த்த ஓட்டைகளையும் புல்லில் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளையும் குறித்தால் போதும். படிக்கட்டு மட்டும் உள்ள வாயிலையும், மாலையே பூட்டப்படும் வாயிலையும் இணைப்பாக எண்ணாதீர்கள்.

முன்னுரிமையை வாக்கெடுப்புக்கு மட்டும் விட்டால் ஆள்பலம் உள்ள தெரு ஜெயிக்கும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் எது இணைகிறது, விபத்து நடந்த இடமா, எவ்வளவு சுற்று மிச்சமாகிறது என்பவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள். பிறகு, மக்கள் சொன்னது என்ன, செய்வது என்ன, செய்ய முடியாதது எது, ஏன் என்று எழுதிப் பொதுவில் வையுங்கள். ‘முடியாது’ என்பதைக் காரணத்தோடு சொன்னால் மக்கள் மறுமுறையும் வருவார்கள். பதிலே சொல்லாவிட்டால் வரமாட்டார்கள்.

ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை தரும் முன் அதே 8 பேர் மீண்டும் நடந்து பார்க்கட்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்ட அனுமதி தரும்போது, அதே கல்லை அதே மட்டத்தில் திரும்பப் பதிக்கும் வரை வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதில்லை என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள்.