‘டவுன்ஸ்’ தாழ்நிலம் அல்ல, குன்று

லண்டனிலிருந்து பிரைட்டனுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் டிட்ச்லிங் பீக்கன் என்ற மேட்டில் ஏறும் காட்சி. ஏற்றம் தாங்காமல் பலர் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார். பின்னணியில் தமிழ்க் குரல் நிதானமாகச் சொல்கிறது: ‘தெற்குத் தாழ்நிலங்களின் இந்த உச்சியில்...’

தாழ்நிலத்துக்கு ஏது உச்சி? அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 248 மீட்டர். தென் இங்கிலாந்தில் இருக்கும் குன்றுத்தொடரின் ‘சவுத் டவுன்ஸ்’ என்ற பெயரை இப்படித் ‘தாழ்நிலம்’ ஆக்கி நான் கேட்பது இது நாலாவது முறை. முதல் மூன்று முறை பேசாமல் இருந்துவிட்டேன்.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் குன்று. ‘ஆஃப் டூனே’ என்றால் குன்றிலிருந்து இறங்கி. அது வாயில் தேய்ந்து ‘அடூன்’ ஆகி, கடைசியில் ‘கீழே’ என்று பொருள்படும் ‘டவுன்’ ஆனது. ஆக, குன்றுதான் மூத்தது. திசை அதிலிருந்து இறங்கி வந்த பிள்ளை. பிள்ளையின் பொருளைத் தாயின் தலையில் வைத்துத்தான் ‘தாழ்நிலம்’ பிறந்திருக்கிறது. நிலத்தின் சாய்விலிருந்து திசைச்சொல் பிறப்பது நமக்குப் புதிதும் இல்லை. கீழ்ப்பக்கம் கிழக்கு, மேல்பக்கம் மேற்கு என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தானே நாம்.

ஊர்ப்பெயர்களிலும் இந்த டூன் ஒளிந்திருக்கிறது. சுவிண்டன் என்றால் பன்றிக்குன்று. வுஸ்டர்ஷயரில் உள்ள பிரெடன் ஹில் இன்னும் வேடிக்கை. பழைய பிரித்தானிய மொழியில் ‘பிரெ’ என்றால் குன்று. பின்னால் வந்தவர்களுக்கு அது புரியாமல் தங்கள் ‘டூன்’ஐச் சேர்த்தார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் ‘ஹில்’ சேர்த்தார்கள். மொத்தம் குன்று குன்று குன்று. அதற்காக ‘டன்’ என்று முடிவதெல்லாம் குன்று என்று கிளம்பிவிடக் கூடாது. பிரைட்டனில் இருப்பது வேலியடைத்த இடத்தைக் குறிக்கும் வேறொரு சொல். இன்றைய நகரம் என்ற பொருளுள்ள ‘டவுன்’ வந்தது அதிலிருந்துதான்.

சரி, தாழ்நிலம் அறியாமல் செய்த பிழை. சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வார்கள். எனக்கு உண்மையான வருத்தம் அறிந்தே செய்த ‘தாழ்குன்று’ மேல்தான். ஒரு நண்பர் இதை மொழிபெயர்ப்பில் பயன்படுத்தி, எனக்கு விளக்கமும் சொன்னார். டூன் குன்று என்று அவருக்குத் தெரியும். ஆனால் ‘டவுன்’ என்ற ஓசை தரும் தாழ்வையும் விட மனமில்லை. இரண்டையும் ஒட்டிவிட்டார். உயரம் குறைந்த குன்றுகள்தானே, பொருத்தம்தானே என்றார்.

பொருத்தமில்லை. முதலில் தமிழாகவே அது சரியில்லை. தாழ்சடை என்றால் தொங்கும் சடை. அதே கணக்கில் தாழ்குன்று என்றால் தாழ்ந்த, தாழ்கின்ற, இனி தாழப்போகும் குன்று. முக்காலமும் மூழ்கிக்கொண்டே இருக்கிற குன்று! கடலோரத்தில் செவன் சிஸ்டர்ஸ் செங்குத்துப் பாறைகள் அவ்வப்போது பாளம் பாளமாகச் சரிவது உண்மைதான். அங்கே வேண்டுமானால் நண்பர் ஒரு மதிப்பெண் வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்து, உயரம் குறைவு என்ற கருத்து அந்தப் பெயரிலேயே கிடையாது. கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1773இல் எழுதிய கடிதத்தில் சசெக்ஸ் டவுன்ஸைக் கம்பீரமான மலைத்தொடர் என்றே வியக்கிறார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார், போகட்டும். ஊட்டிக்கு வாருங்கள். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் வென்லாக் டவுன்ஸ் இருக்கிறதே, சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்துத் தீர்த்த அதே புல்மேடுகள், அவை 2,000 மீட்டருக்கும் மேலே உள்ளவை. ஊர் ஞாபகத்தில் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. அலையலையாகப் புல் போர்த்திய மேடுகளைப் பார்த்ததும் வைத்தார்களே தவிர, உயரத்தை அளந்து வைக்கவில்லை. அதைத் தாழ்குன்று என்று சொல்ல நண்பருக்கு மனம் வருமா?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஒட்டுவேலையே தேவையில்லை. ‘குன்று’ என்ற ஒற்றைச் சொல்லிலேயே மேடும் இருக்கிறது, தாழ்வும் இருக்கிறது. ஊக்கம் குன்றியது என்கிறோம், குன்றாத புகழ் என்கிறோம். வள்ளுவர் ஒரே குறளில் இரண்டையும் வைத்து விளையாடியிருக்கிறார்:

குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ
குன்றி அனைய செயின்.

மலைபோல் நிற்பவரும், குன்றிமணி அளவு தாழ்வான செயலைச் செய்தால் குன்றிப்போவார். ஆங்கிலத்தில் டூனும் டவுனும் சேர்ந்து செய்கிற வேலையை இங்கே குன்று தனியாளாகச் செய்கிறது. இப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் ‘தாழ்’ போடுவது, ஏற்கெனவே குன்றியதை மறுபடி குன்றவைப்பது. பிரெடன் ஹில் கதைதான்.

‘ஆனால் குன்று என்றால் தமிழ் வாசகர் மனத்தில் மொட்டைப் பாறையல்லவா வரும்?’ நியாயமான கேள்வி. திருப்பரங்குன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் வரும். சவுத் டவுன்ஸில் அந்த மாதிரிப் பாறை கிடையாது. மேலே ஆடுகள் மேய்ந்து வழவழப்பான புல். அதன் அடியில் ஒரு சாணுக்கும் குறைவான மண். அதற்கும் அடியில் வெள்ளை வெளேரென்று சாக்கட்டி. மழைக்குப் பின் நடந்தால் செருப்பின் அடியில் வெள்ளைக் களிம்பு அப்பிக்கொள்ளும். தண்ணீர் எல்லாம் உள்ளே இறங்கிவிடுவதால் மேலே ஓடைகள் இல்லை. டெவில்ஸ் டைக் என்ற பெரிய பள்ளத்தாக்கே வறண்டுதான் கிடக்கிறது. கடலைத் திருப்பிவிட்டு ஊர்க் கோயில்களை மூழ்கடிக்கச் சாத்தான் வெட்டிய வாய்க்கால் அது என்பது உள்ளூர்க் கதை. ஆடுகளுக்காக இடையர்கள் களிமண் பூசிக் குளம் அமைத்தார்கள். வடக்கு முகம் செங்குத்து, தெற்கு முகம் கடலை நோக்கி மெல்லச் சரியும். சைக்கிள்காரர்கள் வடக்கிலிருந்து வருகிறார்கள், பாவம்.

அதனால் பொதுச்சொல்லாகச் ‘சுண்ணக்குன்று’ என்பேன். சாக்கட்டிக்குச் சீமைச்சுண்ணாம்பு என்று நம் முன்னோர் வைத்த பேர் இருக்கிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சீமை ஏது? (இன்று பள்ளிக்கூடத்தில் எழுதுகிற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம் என்பது வேறு கதை.) ‘புல்மேடு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். கண்ணுக்குக் குளுமையான சொல், ஊட்டிக்குச் சரி. ஆனால் சவுத் டவுன்ஸுக்கு வடக்கே இருக்கும் இன்னொரு தொடரான நார்த் டவுன்ஸில் காடு மண்டிய பகுதிகள் நிறைய. அங்குள்ள பாக்ஸ் ஹில்லுக்குப் பேரே ‘பாக்ஸ்’ என்ற மரத்தின் பேர்தான். அங்கே போய்ப் புல்மேடு என்றால் வாசகர் புல்லைத் தேடுவார்.

இடப்பெயராக வரும்போது ‘சவுத் டவுன்ஸ் குன்றுகள்’ என்று எழுதலாம். குன்று இருமுறை வருகிறதே என்று தூயவர்கள் சண்டைக்கு வரக்கூடும். தாழ்குன்றைத் திட்டிவிட்டு நீயும் அதையே செய்கிறாயே என்பார்கள். அது வேறு, இது வேறு. இங்கே முதல் பாதி பெயர், இரண்டாம் பாதி விளக்கம். வெறும் ‘சவுத் டவுன்ஸ்’ என்று விட்டால் என்ன ஆகும் தெரியுமா? டவுன் பஸ், திருநெல்வேலி டவுன் என்று பழகிய காதுக்கு அது ‘தெற்கு நகரங்கள்’. தமிழ் எழுத்தில் இரண்டு டவுனும் ஒன்றுதான். ‘சவுத் டவுன்ஸ் நகரங்களில் ஆடு மேய்க்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை நான் அச்சிலேயே படித்துவிட்டேன். அகராதியைத் திறக்காவிட்டாலும் போகட்டும், நகரத்தில் ஏன் இத்தனை ஆடு என்றாவது மொழிபெயர்த்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

ஓர் இடத்தில் மட்டும் குன்று வேண்டாம். கென்ட் கடற்கரையில் டீல் என்ற ஊருக்கு எதிரே, குட்வின் மணல்திட்டுகளுக்கு உள்ளே, கப்பல்கள் காற்றுக்காகக் காத்து நிற்கும் கடல்பகுதிக்கும் ‘தி டவுன்ஸ்’ என்றே பேர். 1639இல் டச்சுக்காரர்கள் ஸ்பானியக் கப்பற்படையை முறியடித்தது அங்கேதான். சென்னைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களும் அங்கே நங்கூரமிட்டு நின்றிருக்கின்றன. பழைய கடிதங்களில் ‘கப்பல் டவுன்ஸில் கிடந்தது’ என்று வந்தால், அது தாழ்நிலத்திலும் கிடக்கவில்லை, குன்றின்மேலும் கிடக்கவில்லை. ‘டவுன்ஸ் நங்கூரத்துறை’ என்று எழுதிவிடுங்கள்.